வைத்தியசாலை ஆய்வறிக்கையும் பொதுமக்களும்

மட்டக்களப்பு வாவியில் மாந்தீவு என்னும் சிறு தீவொன்று உண்டு. தொழுநோயாளரைப் பிறரினின்றும் பிரித்துவைத்தற்கு வேண்டிய அதிகாரத்தை 1901ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் இலங்கை அரசினர்க்கு அளித்தது. அதன்பின்னர், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இத்தீவிலே தொழுநோய் வைத்தியசாலை அமைந்தது. தோணியேறியன்றிச் செல்லவியலாத அவ்விடத்தில் உணவு எத்தகையது, மருந்து உரிய காலத்திற் கிடைத்ததா என்பவற்றைக் கரையிலிருந்த உறவினர் நேரிற் கண்டறிதல் அரிது. அதிகாரி ஒருவர் சென்று பார்த்து எழுதும் அறிக்கையே அன்னார்க்குக் கண்ணாதல் கூடும். ஆயின் அவ்வறிக்கை யாருக்காக எழுதப்பட்டது? வைத்தியசாலை வரலாற்றில் அதிகம் ஆராயப்படாத வினா இதுவாகும்.

இலங்கையில் அரசாங்க வைத்தியத் திணைக்களம் 1858இல் தோன்றியது. அத்திணைக்களத் தலைவரின் அறிக்கையும் மாகாண அரசாங்க அதிபர்களின் அறிக்கைகளும் நிருவாக அறிக்கைகள் என்னும் பெயரால் ஆண்டுதோறும் அச்சேறின. எனவே அவை மறைபொருள் என்று கூறுதற்கில்லை. எனினும் அவை மேலிடத்தை நோக்கி எழுதப்பட்டவை; ஆங்கிலத்தில் அமைந்தவை. வைத்தியசாலைப் படுக்கையிற் கிடந்த வேளாளனோ மீன்பிடிகாரனோ அவற்றைப் படித்துத் தன் நிலையோடு ஒப்பிடுதற்கு வழியில்லை. 1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை வகித்த சுவாமி விபுலாநந்தர், அக்காலத்து மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த காரைதீவிற் பிறந்தவர். அறிவியலைத் தமிழிற் கூறல் வேண்டும் என்னும் அவ்வுழைப்பின் பயன் பள்ளிக்கூடத்தோடு முடிவதன்று. தன் உடல்பற்றிய செய்தியைத் தன் மொழியில் அறியமாட்டாதவனுக்கு அச்சேறிய அறிக்கையும் பூட்டிய பெட்டியே.

இங்கிலாந்தின் வரலாறு இவ்விடத்து ஒப்புநோக்கத் தக்கது. அங்கே 1845ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனநோயாளர் இல்லங்களைப் பார்வையிட ஆணையாளர் நியமிக்கப்பட்டனர்; அவர்தம் அறிக்கைகள் பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டன. 1865இல் ‘லான்செற்’ என்னும் மருத்துவ இதழ், இலண்டனில் வறியோர் கிடந்த மருத்துவக் கூடங்களைத் தானே ஆராய்ந்து, கண்டவற்றை இடப்பெயருடன் வெளியிட்டது. இரண்டாண்டுகளுக்குள், 1867இல், அக்கூடங்களைத் திருத்தும் சட்டம் பிறந்தது. குறைகள் முன்னரும் அதிகாரிகளுக்குத் தெரியாதவையல்ல. ஊரார் அறிந்தபின்னரே அவை பொறுக்கவொண்ணாதவையாயின.

இலங்கைத் தமிழர் வரலாற்றிலும் இதற்கு ஒருபுடை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1923 முதல் இந்திய அரசாங்கத்தின் முகவர் ஒருவர் இலங்கையிற் பணியாற்றினார். தோட்டத் தொழிலாளரின் கூலி, குடியிருப்பு, மருத்துவ வசதி ஆகியன அவருடைய ஆண்டறிக்கைகளில் இடம்பெற்றன. தோட்டத் துரையும் இலங்கை அரசும் அல்லாத மூன்றாமவர் கண்டு எழுதியமையே அவற்றின் சிறப்பாகும்.

சுதந்திரத்தின் பின்னர் 1952ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுகாதார சேவைகள் சட்டம் பிரதேச வைத்தியசாலைச் சபைகளுக்கும் வைத்தியசாலைக் குழுக்களுக்கும் வழிவகுத்தது. தனியார் நிலையங்களைப் பதிவுசெய்தற்கு 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் எழுந்தது. இவற்றால் மேற்பார்வை வளர்ந்தது உண்மையே. ஆயினும் பார்வையிட்டார் கண்டதை நோயாளரும் அறியலாம் என்னும் உரிமை வேறு.

அவ்வுரிமையை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழங்கியது; அது 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. எழுத இயலாதவர் வாய்மொழியாகவும் கேட்கலாம். தகவல் அலுவலரே அதனை எழுத்தில் வடித்தல் வேண்டும். முடிவு 14 வேலைநாட்களுள் தெரிவிக்கப்படல் வேண்டும். உயிரும் தனிப்பட்ட சுதந்திரமும் பற்றிய கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்துள் விடை தரப்படல் வேண்டும். தனியொருவரின் மருத்துவப் பதிவேட்டை அவருடைய எழுத்துமூலச் சம்மதமின்றி வெளியிடாதிருத்தற்கும் சட்டம் இடமளிக்கிறது. நோயாளியின் மறைவு வேறு, நிலையத்தின் மறைவு வேறு என்பது இதனாற் பெறப்படும். மட்டக்களப்பில் இவ்வுரிமையைப் பயன்படுத்துவோர், போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின்கீழும் பல சிறிய வைத்தியசாலைகள் கிழக்கு மாகாண நிருவாகத்தின்கீழும் அமைந்திருத்தலை அறிந்து, உரிய இடத்திற் கேட்டல் வேண்டும்.

குறைகள் வெளிப்பட்டால் மக்கள் வைத்தியசாலையை அஞ்சி விலகுவர், பணியாளர் மனஞ்சோர்வர் என்பாரும் உளர். அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. கட்டிடம் பழுதுற்றிருத்தல், தாதியர் போதாமை என்பன பெரும்பாலும் பணியாளரின் பிழையல்ல. அவை அறிக்கையில் எழுதப்பட்டு மறைந்துகிடக்குமாயின், பழி வாயிலில் நிற்கும் தாதியின்மேலே விழும். வெளிப்படுமாயின், நிதி வழங்காதவரை நோக்கிச் செல்லும். மேலும், அறிக்கை கிடைக்காத இடத்தில் வதந்தி கிடைக்கும். அதற்கு ஆய்வும் இல்லை, திருத்தமும் இல்லை.

மாந்தீவுக்குச் சென்றுவந்த அதிகாரி எழுதியதைக் கரையிலுள்ளார் கேட்டுப் பெறுதற்கு அக்காலத்திற் சட்டம் இருந்ததில்லை. இன்று சட்டம் உண்டு. ஆய்வறிக்கையைத் தமிழிற் கேட்பாரும், கேட்டுப் படிப்பாரும், படித்ததை அயலார்க்கு எடுத்துரைப்பாரும் பெருகுமளவிற்கே அச்சட்டம் பயன்தரும். கற்றோர் ஏற்கவேண்டிய கடமைகளுள் இதுவும் ஒன்றாம்.