திருவக்கரை: எலும்பா, மரமா?

வளவனூர்ப் பக்கத்துப் பெரியவர்களிடம் திருவக்கரைக் கல்மரங்களைப் பற்றிக் கேட்டால் முதலில் வருவது அசுரன் கதைதான். திருமால் கையால் மாண்ட வக்கிராசுரனின் எலும்புகளாம் அவை. அவன் தங்கை துன்முகியை வதைத்தவள் அவ்வூர்க் கோயிலின் வக்கிரகாளி. இந்தக் கதையைத் தள்ளிவிட்டுத் தேடலைத் தொடங்க எனக்கு மனமில்லை. தரையில் கிடப்பது ஒரு காலத்தில் உயிரோடிருந்தது என்பதை அது சரியாகவே பிடித்திருக்கிறது. எந்த உயிர் என்பதுதான் வழக்கு.

ஏட்டில் முதல் தடயம், பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னெரா. அவருடைய பயண நூல் 1782இல் பாரிசில் வெளிவந்தது. இந்தக் கல்மரங்களை முதலில் எழுத்தில் பதித்தவர் அவரே என்பார்கள். ஆனால் அயல்நாட்டு அறிஞர் மரம் என்று எழுதிவிட்டதாலேயே கல் மரமாகிவிடாது. பார்த்துச் சொன்ன சாட்சி வேறு, அறுத்துப் பார்த்த சாட்சி வேறு.

அறுத்த சாட்சி 1855இல் வருகிறது. செல் கோட்பாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜெர்மானியர் ஷ்லைடன், இப்பகுதிக் கல்மரத்துக்கு 'பியூசே ஷ்மிடியானா' என்று பெயரிட்டார். கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் எலும்பு ஒன்று காட்டும், மரம் வேறொன்று காட்டும். எலும்பில், இரத்தக் குழாய் ஓடிய துளையைச் சுற்றிச் சுற்றி வட்டங்கள். மரத்திலோ நெருக்கியடித்த செல்களின் நேர் வரிசைகள், அவற்றை வெட்டிச் செல்லும் ஆரக் கோடுகள். நீரில் கரைந்து வந்த சிலிக்கா செல்லுக்குள் புகுந்து உறைந்ததால், கல்லான பின்னும் அந்த வரிசை குலையவில்லை. எலும்பு வாதம் இங்கே விழுந்துவிடுகிறது.

ஷ்லைடன் வைத்த பெயரும் நிலைக்கவில்லை. 1931இல் தொல்தாவரவியலாளர் பீர்பால் சாகினி அதை மறுஆய்வு செய்து 'மெசெம்பிரியோசைலான்' என்ற பேரினத்துக்கு மாற்றினார். போடோகார்ப்பஸ் வகை ஊசியிலைக் குடும்பத்துக்கு நெருங்கியது அது. அக்குடும்பத்தின் உறவு ஒன்று மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் இன்றும் பச்சையாக நிற்கிறது. பிறகு சி.ஜி.கே. இராமானுஜம் இப்பகுதி அடங்கிய தென்னாற்காட்டுக் கல்மரங்களை ஆராய்ந்து, அகன்ற இலை மரங்களும் அவற்றிடையே இருப்பதைக் காட்டினார்.

அப்படியானால் இங்கேயே ஒரு காடு நின்றதா? கிடக்கும் அடிமரங்களைச் சுற்றிவந்து பாருங்கள். கணு இருக்கிறது, வளையம் இருக்கிறது. பட்டை இல்லை, வேர் இல்லை, கிளை இல்லை. வெள்ளத்தில் உருண்டு, தேய்ந்து, மணலில் புதைந்த மரங்கள் இவை. காடு வேறெங்கோ இருந்தது.

வயதுக்கு வரும்போது நிதானம் வேண்டும். 2 கோடி ஆண்டு என்று சொல்லப்படுகிறது. கரிமக் காலக்கணிப்பு ஏறக்குறைய 50,000 ஆண்டுகளுக்கு அப்பால் உதவாது. ஆகவே இந்த எண் மரத்தை அளந்து வந்ததல்ல. மரம் புதைந்துள்ள கடலூர் மணற்கல் அடுக்கை வைத்து வந்தது. அவ்வடுக்கின் வயதைப் பற்றி அறிஞரிடையே இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. மரம் என்பது தீர்ப்பு. 2 கோடி என்பது திருத்தத்துக்கு உட்பட்ட மதிப்பீடு. இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லக்கூடாது.

இக்கல்மரங்களுக்காக 1940இல் அமைக்கப்பட்ட பூங்காவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சிறு துண்டைக்கூட எடுத்து வராதீர்கள். கிடந்த அடுக்கைவிட்டுப் பெயர்ந்த கல், வயது வழக்கில் சாட்சி சொல்லாது.