லக்ராஞ்ச், ஆன்-மரி

ஆன்-மரி லக்ராஞ்ச் (பிறப்பு 1962) பிரெஞ்சு வானியலாளர். பிற விண்மீன்களைச் சுற்றும் கோள்களை நேரடியாகப் படம்பிடிப்பது என்பது ஒரு துறையாகவே உருவாகாத காலத்தில் அதில் இறங்கியவர்களில் ஒருவர். பீட்டா பிக்டோரிஸ் என்ற ஒரே விண்மீனை 1980களிலிருந்து விடாமல் பின்தொடர்ந்து வந்திருப்பது அவருடைய ஆய்வு வாழ்வின் தனித்தன்மை.

அந்த விண்மீன் தென்வானில் 63 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. வெறுங்கண்ணுக்கும் தெரியும், தை, மாசி இரவுகளில் தமிழகத்திலிருந்து தெற்கே நோக்கினால் அகத்திய விண்மீனுக்குச் சற்று மேற்கே மங்கலாக இருக்கும். 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள், அது வெளிவிடும் அகச்சிவப்பு ஒளி இருக்க வேண்டியதைவிட மிக அதிகம் எனக் காட்டியது. அடுத்த ஆண்டே பிராட்ஃபோர்ட் ஸ்மித்தும் ரிச்சர்ட் டெரிலும் சிலி நாட்டின் லாஸ் கம்பானாஸ் வானாய்வகத்தில், விண்மீனின் ஒளியை மறைத்துவிட்டு அதைச் சூழ்ந்த தூசுத் தட்டைப் படமெடுத்தார்கள். தட்டு நமக்கு விளிம்பைக் காட்டி நிற்பதால் படத்தில் விண்மீனின் இருபுறமும் நீண்ட கோடாகத் தெரிந்தது. கோள்கள் பிறக்கும் இடம் எப்படியிருக்கும் என்பதை மனிதர் முதன்முதலில் கண்டது அப்போதுதான்.

பாரிசில் ஆய்வு மாணவியாக இருந்த லக்ராஞ்ச் இந்த விண்மீனின் நிறமாலையை ஆராயும் குழுவில் சேர்ந்தார். ரோஜர் ஃபெர்லே, ஆல்ஃபிரட் விடால்-மட்ஜார் ஆகியோர் அதில் இருந்தனர். நிறமாலையில் கால்சியத்துக்குரிய கோடுகள் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தன. விண்மீனை நோக்கி விழுந்து ஆவியாகும் வால்மீன்களே காரணம் என்று குழு விளக்கம் தந்தது. சூரியக் குடும்பத்துக்கு வெளியே வால்மீன்கள் இருப்பதற்கு முதல் சான்று அது. இத்தனை வால்மீன்களை உள்நோக்கித் தள்ளிவிடுவது எது என்ற கேள்வியும் அதிலிருந்தே எழுந்தது. பெரிய கோள் ஒன்றின் ஈர்ப்பு என்பது இயல்பான ஊகம்.

ஊகத்தைப் படமாக்கக் கருவி இல்லை. விண்மீனின் ஒளி கோளின் ஒளியை விழுங்கிவிடுகிறது. பூமியின் காற்று மண்டலம் இரண்டையும் கலங்கடிக்கிறது. காற்றின் கலக்கத்தை அளந்து, நொடிக்குப் பலமுறை ஆடியின் வடிவத்தை மாற்றி அதை ஈடுசெய்வதுதான் தகவேற்பு ஒளியியல். பிரெஞ்சுக் குழுக்கள் உருவாக்கிய ‘கம்-ஆன்’ கருவி 1989இல் பிரான்சிலும், மறு ஆண்டு சிலியின் லா சில்லா 3.6 மீட்டர் தொலைநோக்கியிலும் சோதிக்கப்பட்டது. கிரெனோபிளுக்குப் பணிக்கு வந்த லக்ராஞ்ச் இந்த நுட்பத்தையே பற்றிக்கொண்டார். கருவி செய்வோரும் வானத்தை ஆய்வோரும் தனித்தனிச் சாதிகளாக இருந்த காலத்தில் இரு பக்கமும் காலூன்றியது அவருக்குப் பின்னாளில் பெரிய பலமாயிற்று.

தூசுத் தட்டின் உட்பகுதி சற்றே வளைந்திருப்பதை ஹபிள் படங்கள் காட்டியிருந்தன. சாய்ந்த பாதையில் சுற்றும் கோள் ஒன்று இருந்தால் இப்படி வளையும் என்று 1997இல் டேவிட் மூயே முதன்மை ஆசிரியராகவும் லக்ராஞ்ச் இணை ஆசிரியராகவும் வெளியிட்ட கட்டுரை கணக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் இருப்பிடம் காகிதத்தில் குறிக்கப்பட்டுவிட்டது.

2001இல் சிலியின் பரானாலில் உள்ள 8.2 மீட்டர் தொலைநோக்கி ஒன்றில் நாக்கோ கருவி இயங்கத் தொடங்கியது. 2004இல் அதன் மூலம் கேல் ஷோவேன் தலைமையில், லக்ராஞ்சும் இடம்பெற்ற குழு 2எம்1207 என்ற பழுப்புக் குறுமீனின் அருகே வியாழனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு நிறையுள்ள பொருளைக் கண்டது. நேரடியாகப் படம்பிடிக்கப்பட்ட முதல் புறக்கோள் என்று இதைச் சொல்வது வழக்கம். அது சுற்றும் தாயே முழு விண்மீன் அல்ல என்பதால் அந்தப் பட்டத்தை மறுப்போரும் உண்டு. மறுப்பில் நியாயம் இருக்கிறது.

பீட்டா பிக்டோரிஸின் கோள் அதற்குள் பதிவாகியே இருந்தது. 2003 நவம்பரில் நாக்கோ எடுத்த அகச்சிவப்புப் படங்களை 2008இல் மேம்பட்ட முறைகளில் மறுபடி அலசியபோது, விண்மீனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் மங்கலான புள்ளி ஒன்று, தட்டின் தளத்திலேயே தென்பட்டது. 2008 நவம்பரில்தான் எச்ஆர் 8799 விண்மீனின் மூன்று கோள்களின் படமும், ஃபோமல்ஹாட்டின் கோள் எனக் கருதப்பட்ட பொருளின் படமும் வெளியாகியிருந்தன. பின்னது வெறும் தூசு மேகமே என்று பின்னர் வாதிடப்பட்டது. லக்ராஞ்ச் குழு ‘கோளாக இருக்கலாம்’ என்ற அளவில் நிறுத்திக்கொண்டது. பின்னணியில் தற்செயலாக நிற்கும் விண்மீனாகவும் இருக்கலாமே! 2009 தொடக்கத்தில் மீண்டும் பார்த்தபோது அங்கே எதுவும் இல்லை. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் புள்ளி விண்மீனின் மறுபுறத்தில் வெளிப்பட்டது. புறக்கோள் ஒன்று தன் விண்மீனின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போவது படத்தில் பிடிபட்டது இதுவே முதல்முறை. 2010 ஜூனில் ‘சயின்ஸ்’ இதழ் முடிவை வெளியிட்டது. வியாழனைப்போல் 9 மடங்கு அளவு நிறையுள்ள இக்கோள், சனி சூரியனிலிருந்து இருக்கும் அளவுத் தொலைவில் சுற்றுகிறது. விண்மீனுக்கு வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளே என்பதால், பிறந்த சூடு ஆறாத கோள் அகச்சிவப்பில் ஒளிர்கிறது. அந்தச் சூடு இல்லையேல் படமும் இல்லை.

படத்தோடு அவர் நிற்கவில்லை. லா சில்லாவின் ஹார்ப்ஸ் நிறமாலைமானி பத்தாண்டுக்கு மேல் திரட்டிய 6,000க்கும் அதிகமான நிறமாலைகளிலிருந்து, விண்மீனின் சொந்தத் துடிப்பைக் கழித்து, இரண்டாம் கோளின் இழுப்பை 2019இல் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ 1,200 நாட்களில் சுற்றிவரும் அக்கோளை, பரானாலின் நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை இணைக்கும் கிராவிட்டி கருவி 2020இல் நேரடியாகவே கண்டது. அசைவால் கண்டுபிடிக்கப்பட்ட கோள் பின்னர் ஒளியாலும் உறுதிப்பட்டது அதுவே முதல்முறை.

2013இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் உறுப்பினரான லக்ராஞ்ச், பின்னர் பாரிஸ் வானாய்வகத்துக்கு மாறினார். 2025 ஜூனில் ‘நேச்சர்’ இதழில் அவர் தலைமையிலான குழு, 111 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள டிடபிள்யூஏ 7 என்ற இளம் சிவப்புக் குறுமீனின் கோளை அறிவித்தது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் மிரி கருவியில் பொருத்தப்பட்ட, பிரான்சில் உருவான ஒளிமறைப்பி அதைப் பிடித்தது. தூசு வளையங்களுக்கு இடையே கோள் இருக்கும் என எதிர்பார்த்த வெற்றிடத்திலேயே அது இருந்தது. அதன் நிறை சனியின் அளவே. அதுவரை படம்பிடிக்கப்பட்ட கோள்களைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு இலேசு.