பன்றி வளர்ப்புத் திட்டங்களும் நம் மக்களும்: ஒரு வரலாற்று நோக்கு

நாட்டு வரலாறு எழுதப் புகுவோர் அரசுகளையும் போர்களையும் எழுதுவர். தொழில் வரலாறு எழுதுவோர் பஞ்சாலையையும் இரும்பாலையையும் எழுதுவர். குடிசையின் பின்புறத்தில் நடந்துவந்த தொழில்களின் வரலாற்றை எழுத முன்வருவோர் சிலரே. அத்தகைய தொழில்களுள் ஒன்று பன்றி வளர்ப்பு. வடகிழக்கு மாநிலங்கள் நீங்கலாக இந்நாட்டில் அதனை வழிவழியாகச் செய்துவந்தோரில் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களே. விடுதலைக்குப் பின்னர் இத்தொழிலுக்கென அரசு பல திட்டங்களை வகுத்தது. அவற்றின் பயன் எவரைச் சென்றடைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டை நாளில்

பன்றி வளர்ப்பு பிறவியிலேயே இழிந்த தொழிலன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, கடற்கரைப் பட்டினம் ஒன்றில் ஆண் பன்றியைப் பெண் பன்றியோடு சேரவிடாமல் குழியில் தனியே நிறுத்தி, நெல் மாவை ஊட்டிப் பலநாள் கொழுக்க வைத்த செய்தியைக் கூறுகிறது. அவ்விறைச்சி கள்ளோடு பாணர்க்கு விருந்தாக அளிக்கப்பட்டது. தனி இடம், அளவறிந்த தீவனம், இனச்சேர்க்கையில் கட்டுப்பாடு ஆகிய மூன்றையும் இன்றைய கால்நடை மருத்துவர் பாடமாகச் சொல்லுகின்றனர். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகட்கு முன்பே நம் நிலத்தார் அவற்றை அறிந்திருந்தனர்.

பிற்காலத்தில் சாதிக் கட்டுப்பாடு இறுகியபோது விலங்கும் அதனை வளர்த்தவனும் ஒருங்கே ஊர் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டனர். வட இந்தியாவில் பாசி சமூகத்தாரும், பிற பகுதிகளில் வேறு பல ஒடுக்கப்பட்ட குடிகளும் இத்தொழிலோடு பிணைக்கப்பட்டனர். நிலமற்றவன் ஆடுமாடு வைத்துக்கொள்ள மேய்ச்சல் நிலம் வேண்டும். பன்றிக்கு அது வேண்டுவதில்லை. 114 நாள் சினைக்காலத்தில் ஒரே ஈற்றில் பல குட்டிகள் ஈனும் விலங்கு அது. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ, மகளின் திருமணத்திற்கோ ஒன்றை விற்றால் கைக்குப் பணம் வரும். வங்கியின் வாயிலை மிதித்தறியாத மக்களுக்குப் பன்றியே வங்கியாக இருந்தது எனலாம்.

ஆலைகள் வந்த கதை

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1956-61) அரசு இத்துறையில் கருத்துச் செலுத்தத் தொடங்கியது. வெளிநாட்டு இனங்களாகிய யார்க்‌ஷயர் வெண்பன்றியும் லேண்ட்ரேசும் தருவிக்கப்பட்டன. இனப்பெருக்கப் பண்ணைகள் நிறுவப்பட்டன. உத்தரப் பிரதேசத்தின் அலிகார், மேற்கு வங்கத்தின் அரிங்கட்டா, ஆந்திரத்தின் கன்னவரம், மும்பையை அடுத்த போரிவிலி முதலிய இடங்களில் பன்றி இறைச்சியைப் பதப்படுத்தும் ஆலைகள் இயங்கின. 1970-71இல் அகில இந்திய ஒருங்கிணைந்த பன்றி ஆராய்ச்சித் திட்டம் தொடங்கிற்று. 1973இல் கேரள அரசு கூத்தாட்டுக்குளத்தில் இறைச்சி உற்பத்தி நிறுவனம் ஒன்றை அமைத்தது.

திட்டம் நன்றே, ஆயின் அதன் அமைப்பில் ஒரு குறை இருந்தது. ஆலை கேட்டது கொட்டிலில் வளர்ந்த, நோயற்ற, கொழுப்புக் குறைந்த வெண்பன்றி. நம் மக்களிடம் இருந்ததோ தெருவில் திரிந்த சிறிய கருநிற நாட்டுப் பன்றி. வெண்பன்றிக் குட்டியை விலைக்குப் பெறலாம். அதற்குரிய கொட்டிலும், தண்ணீரும், நாள்தோறும் இடும் தீவனமும் யார் தருவார்? ஆலையின் பண்டம் பெருநகரத்து உணவு விடுதிகளை நோக்கிச் சென்றது. பன்றி வளர்த்தவன் அவ்வாலைக்குச் சரக்கு விற்பவனாக இருந்தான்; அதில் பங்குடையவனாக இருந்ததில்லை. பல ஆலைகள் போதிய பன்றி வரத்தின்றித் தம் முழுத்திறனுக்கு இயங்க இயலாமல் நலிந்தன.

தேசிய வேளாண்மை ஆணையத்தின் பரிந்துரைப்படி 1975-76இல் சிறப்புக் கால்நடை உற்பத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. சிறு விவசாயியும் வேளாண் கூலியும் கோழி, ஆடு, பன்றி வளர்க்க மானியம் பெறலாம் என்னும் கொள்கை அதில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1980இல் நாடெங்கும் விரிந்த ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்திலும் கால்நடைக் கடன்கள் முதலிடம் பெற்றன. விலங்கை வாங்கிக் கொடுப்பதோடு பணி முடிந்ததென்று கருதப்பட்ட இடங்களில், தீவனமும் மருத்துவமும் சந்தையும் இன்றி விலங்கு மறைந்தது. கடன் மட்டும் எஞ்சியது.

ஓர் அயல்நாட்டுப் பாடம்

டென்மார்க்கு நாட்டில் நடந்ததை இவ்விடத்தில் ஒப்புநோக்குதல் பயனுடையது. 1887இல் செருமனி, நோயைக் காரணங்காட்டி, டென்மார்க்கிலிருந்து உயிர்ப்பன்றி இறக்குமதியைத் தடுத்தது. சந்தையை இழந்த டேனிய உழவர்கள் அவ்வாண்டே ஆர்சன்சு நகரில் முதற் கூட்டுறவுப் பன்றி இறைச்சி ஆலையை நிறுவினர். ஒருவனுக்குப் பன்றி பத்து இருப்பினும் ஒன்றே இருப்பினும் வாக்கு ஒன்றே என்பது கூட்டுறவின் விதி. உறுப்பினர் தம் பன்றிகளை அவ்வாலைக்கே தரக் கடமைப்பட்டனர். இலாபம் அவர்க்கே திரும்பியது. பதப்படுத்திய இறைச்சி இங்கிலாந்துச் சந்தைக்குச் சென்றது. அந்நாட்டில் 1844 முதல் தோன்றிய மக்கள் உயர்பள்ளிகளில் உழவர் வீட்டு இளைஞர் கல்வி பெற்றிருந்தனர் என்பதும், கூட்டுறவு இயக்கத்தை நடத்தியோருள் பலர் அப்பள்ளிகளிலிருந்து வந்தவர் என்பதும் எண்ணற்பாலன. அங்கு ஆலையின் உரிமை வளர்ப்போன் கையில் இருந்தது. இங்கு அரசின் கையில் இருந்தது. வேறுபாடு இவ்வளவே. நம் நாட்டிலும் பாலுக்கு 1946இல் ஆனந்த் வழி காட்டியது. முட்டைக்கு 1982இல் ஒருங்கிணைப்புக் குழு தோன்றியது. பன்றிக்கு அத்தகைய நாடளாவிய அமைப்பு எழவில்லை.

தேய்வும் நோயும்

1951இல் இந்நாட்டுப் பன்றிகளின் தொகை ஏறத்தாழ 44 இலட்சம். 2003இல் அது 135 இலட்சத்தை எட்டியது. அதன்பின் இறங்குமுகம். 2012இல் 103 இலட்சம். 2019ஆம் ஆண்டின் 20ஆம் கால்நடைக் கணக்கெடுப்பில் 91 இலட்சம். ஏழே ஆண்டுகளில் 12 விழுக்காடு குறைந்தது. எஞ்சியவற்றுள் ஏறத்தாழப் பாதி வடகிழக்கு மாநிலங்களில் உள்ளவை. பன்றியை வீட்டின் செல்வமாக மதிக்கும் மக்கள் அவர்கள்.

வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. நகரங்கள் விரிந்தன. 1955இல் வேலூர்ப் பகுதியில் முதன்முதல் கண்டறியப்பட்ட ஜப்பானிய மூளைக் காய்ச்சலின் நச்சுயிரி பன்றியின் உடலில் பெருகி, வயலில் தோன்றும் கொசுவின் வழியே மனிதரைச் சேர்வது. ஆதலின் குடியிருப்புகளில் பன்றி திரிதல் தகாது என்பது உண்மையே. நோய் முதலில் தாக்குவதும் நம் குழந்தைகளையே. ஆனால் திரியும் பன்றியைப் பிடிக்கும் வண்டி விரைவாக வருகிறது. பிடிக்கப்பட்டவனுக்கு மாற்றிடமும் கொட்டிலும் தரும் ஆணை அரிதாகவே வருகிறது.

2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அசாமிலும் அருணாசலத்திலும் நுழைந்தது. 2022இல் கேரளத்தின் வயநாட்டை எட்டியது. மனிதரைத் தாக்காத இந்நோய் பன்றிகளைப் பண்ணையோடு அழிக்கவல்லது. நோய் கண்ட இடத்தைச் சுற்றியுள்ள பன்றிகளை அரசே கொன்று புதைக்கும். அதற்குரிய இழப்பீட்டை நடுவண் அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்ளும். இழப்பீடு ஆணைப்படி கொல்லப்பட்ட விலங்குக்கே உரியது. அதற்கு முன்னரே நோயால் மடிந்ததற்கு இல்லை. முதற்பன்றி சாய்ந்தவுடன் கால்நடை மருத்துவருக்குச் சொன்னவன் ஓரளவு மீண்டான். அஞ்சி மறைத்தவன் அனைத்தையும் இழந்தான். எழுத்தறிவும் செய்தியும் எவ்வாறு பணமாகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கைவிடுவதா, கைக்கொள்வதா?

2014-15இல் தொடங்கிய தேசியக் கால்நடை இயக்கம் 2021-22இல் திருத்தியமைக்கப்பட்டது. நூறு தாய்ப்பன்றியும் பத்து ஆண் பன்றியும் கொண்ட பண்ணைக்கு முதலீட்டில் பாதி, 30 இலட்ச ரூபாய் வரை மானியம் என்று அது வகுத்தது. இரண்டு பன்றி வைத்திருப்பவன் இதனை எங்ஙனம் எட்டுவான்? நிலமும் வங்கிச் செல்வாக்கும் உடையோர், முன்னர் இத்தொழிலைக் கண்டு மூக்கைப் பொத்தியவர்கள் உட்பட, இன்று வெண்பன்றிப் பண்ணை அமைக்கின்றனர். அழுக்காக இருந்த நாளில் நமக்கென ஒதுக்கப்பட்ட தொழில், ஆதாயமான நாளில் நம்மை ஒதுக்குகிறது.

இவ்விடத்தில் நம்மிடையே இருவேறு கருத்துகள் உள. 1927இல் மகாடு மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர், செத்த விலங்கின் இறைச்சியைக் கைவிடுமாறு நம் மக்களை அறைகூவி அழைத்தார். அதுபோல இதனையும் அறவே விட்டொழித்தலே விடுதலை என்பர் ஒரு சாரார். பிழைப்பை விட்டுவிட்டு எங்குச் செல்வது என்பர் மற்றொரு சாரார். அண்ணல் எதிர்த்தது, பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட, மறுக்க உரிமையற்ற இழிவை. தானே விரும்பி, தன் உடைமையாக, தூய கொட்டிலில், கணக்கெழுதிச் செய்யும் தொழிலில் அவ்விழிவு இல்லை. விட விரும்புவோர்க்குக் கல்வியும் வேறு வேலையும் வேண்டும். தொடர விரும்புவோர்க்கு உடைமை உரிமை வேண்டும். இரண்டும் நம் உரிமைகளே.

அதே திட்டத்தில் தனிமனிதர் மட்டுமின்றிச் சுயஉதவிக் குழுக்களும், கூட்டுறவு அமைப்புகளும், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் விண்ணப்பிக்க இடமுண்டு என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்? தனித்து எட்டாத நூறு தாய்ப்பன்றி, இருபது குடும்பம் கூடினால் குடும்பத்திற்கு ஐந்தே. பன்றிக்கும் காப்பீடு உண்டு. 2024இன் மாற்றப்படி வளர்ப்போன் செலுத்தவேண்டிய பங்கு 15 விழுக்காடே. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றத்திற்கெனத் தமிழ்நாட்டில் 1974இல் அமைந்த தாட்கோ நிறுவனமும் உண்டு. கதவுகள் உள்ளன, அவற்றின் மேல் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும்.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் பணி இங்குத்தான் தொடங்குகிறது. நம் பிள்ளைகள் கால்நடை மருத்துவராகவும் வங்கி அலுவலராகவும் வெளிவருகின்றனர். அவர்கள் விடுமுறை நாளில் ஒரு சேரிக்குச் சென்று, விண்ணப்பம் ஒன்றை எழுதித் தரட்டும். நோயின் அறிகுறிகளை எளிய தமிழில் சொல்லட்டும். இருபது குடும்பங்களை ஒரு சங்கமாகப் பதிவு செய்யட்டும். அறுபதாண்டுத் திட்டங்கள் பன்றியின் இனத்தைத் திருத்தின. வளர்ப்போனை உரிமையாளனாக்கும் பணி எஞ்சியுள்ளது. அதனைக் கற்றவர் செய்யாவிடில் வேறு எவர் செய்வார்?