ஜர்னல் கிளப்: பகிர்ந்து வாங்கியதும் ஐயுற்று வாசித்ததும்

மருத்துவக் கல்லூரிகளில் ‘ஜர்னல் கிளப்’ என வழங்கும் ஆய்விதழ் வாசிப்பு அமர்வு, பணத்தட்டுப்பாட்டோடும் தொடர்புடைய வழக்கம். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் புனித பர்த்தலோமேயு மருத்துவமனை வாயிலருகே, ரொட்டிக்கடை ஒன்றின் மேலிருந்த சிற்றறையில் மாணவர்கள் கூடி இதழ்களைப் படித்ததை ஜேம்ஸ் பேஜட் தம் நினைவுக்குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். 1875இல் மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஆஸ்லர் தொடங்கிய கழகத்தின் நோக்கமும், தனியொருவர் வாங்க இயலாத இதழ்களைப் பகிர்ந்து வாங்குவதே.

அவ்வழக்கம் ஐயுற்று வாசிக்கும் பயிற்சியாக மாறியது பிற்காலத்தில். மனநல மருத்துவத்துக்கு அப்பயிற்சி ஏன் இன்றியமையாதது என்பதற்கு இன்சுலின் கோமா சிகிச்சையின் வரலாறே சான்று. 1930களில் மான்ஃப்ரெட் சேக்கல் அறிமுகப்படுத்திய இம்முறையில், மனச்சிதைவு நோயாளிகளை இன்சுலின் செலுத்தி மீண்டும் மீண்டும் ஆழ்மயக்கத்துக்கு உட்படுத்தினர். உயிரிழந்தோரும் உண்டு. ஆயினும் அது ஏறத்தாழ இருபதாண்டுகள் மதிப்புமிக்க சிகிச்சையாக நீடித்தது.

1953இல் ஹரால்ட் போர்ன் என்னும் இளம் மருத்துவர், அதுவரை வெளியான சான்றுகளை ஆராய்ந்து, ‘இன்சுலின் தொன்மம்’ எனப் பொருள்படும் தலைப்பில் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார். மூத்தோர் பலர் கடுமையாக மறுத்தனர். 1957இல் அதே இதழில் வெளியான ஆய்வு, இன்சுலினால் மயக்கமுற்றோரைப் பார்பிட்யூரேட் மருந்தால் மயக்கமுற்றோருடன் ஒப்பிட்டது. இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நோயாளிகள் பெற்ற பயன் இன்சுலினால் விளைந்ததன்று.

மனநோய்களில் பெரும்பாலானவற்றை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனை இல்லை. ஆகவே, மூத்தோரின் அனுபவக் கூற்றே இத்துறையில் எளிதில் சான்றாகிவிடுகிறது. 1990களின் இறுதியில் பிரிட்டனின் ராயல் மனநல மருத்துவர் கல்லூரி, ஆய்வுக்கட்டுரையைத் திறனாயும் தாளைத் தன் உறுப்பினர் தேர்வில் சேர்த்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு முதுநிலைக் கல்வி ஒழுங்குமுறைகளும் ஜர்னல் கிளப்பைப் பயிற்சியின் பகுதியாக்கின.

ஆயினும் நான் கண்ட அமர்வுகள் பலவற்றில், முதலாண்டு மாணவர் கட்டுரைச் சுருக்கத்தைத் திரையிலிருந்து படிப்பார்; பேராசிரியர் தம் அனுபவத்தைக் கூறுவார்; தேநீருடன் கூட்டம் கலையும். ‘ஒப்பீட்டுக் குழுவினருக்கு என்ன அளிக்கப்பட்டது?’ என்று எவரும் கேட்பதில்லை. 1957இல் இன்சுலினை வீழ்த்தியது அந்த ஒரு கேள்வியே.

முதலாண்டு மாணவர் முதலில் பேசட்டும். பேராசிரியர் இறுதியில் பேசட்டும். அமர்வின் வரிசையை மாற்றுவதற்குச் செலவேதுமில்லை. அக்கேள்வி எழாமற்போனால், அதன் விலையைச் செலுத்துவோர் அறைக்கு வெளியே காத்திருக்கும் நோயாளிகள்.