கண்மாய்க் கரையில் ஒரு பறவை நோக்கு நிலையம்



திருமயம் என்றவுடன் உங்கள் உள்ளத்தில் எழுவது கோட்டை. 1687-ஆம் ஆண்டில் இராமநாதபுரம் சேதுபதி மன்னர் எழுப்பிய அக்கோட்டையின் உச்சியில், ஐப்பசி மழை ஓய்ந்தபின் ஒரு காலைப் பொழுதில் ஏறி நின்று நோக்குங்கள். நிலப்பரப்பிடையே ஆங்காங்கே நீர் மின்னக் காண்பீர்கள். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் உள்ளன. ஆண்டு முழுதும் நீரோடும் பேராறு ஒன்றும் இங்கில்லை. மழைநீரைத் தேக்கினாலன்றி உழவு இல்லை.

தேங்கிய நீரை நாடிக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வருகின்றன. அவற்றை அமைதியாக இருந்து நோக்க, கண்மாய்க் கரையில் ஒரு நிலையம் வேண்டும் என்னும் விருப்பம் இந்நாளில் பலருக்கு எழுந்துள்ளது. விருப்பம் நன்றே. ஆயினும், நீர்நிலையில் கட்டடம் எழுப்பும் கலையை நம் முன்னோர் நெடுங்காலம் பயின்றிருந்தனர். அவர்கள் எதைச் செய்தனர், எதைச் செய்யாது விடுத்தனர் என்பதை அறிந்த பின்னரே நாம் கல்லெடுக்க வேண்டும்.

கண்மாயின் உட்புறத்தில், கரைக்குச் சற்றுத் தொலைவில், இரண்டு கற்றூண்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றை இணைத்துக் குறுக்கே கற்பலகைகள் செருகப்பட்டிருக்கும். அதுவே குமிழித் தூம்பு. தூண்களின் அடியில் கல்லால் ஆன தொட்டி ஒன்று உண்டு. அதன் மேற்புறத்துத் துளைக்கு நீரோடி என்றும், தரையை ஒட்டிய பக்கத் துளைகளுக்குச் சேறோடி என்றும் பெயர். மடை திறப்பவர் நீந்திச் சென்று, தூணைப் பற்றியவாறு மூழ்கி, மூடுகல்லைத் தூக்குவார். மேல்துளை வழியே நீர் விரைந்து பாயும். அவ்விரைவில் அடித்துளைகள் வழியே வண்டலும் ஈர்க்கப்பட்டு வெளியேறும். வயலுக்கு நீரும் உரமும் ஒருங்கே செல்லும். கண்மாயும் தூர்ந்து போகாது. இதை வகுப்பில் கரும்பலகையில் வரைந்து காட்டும்போதெல்லாம், "மூச்சு முட்டாதா ஐயா?" என்று கேட்கும் மாணவன் ஒருவன் தவறாமல் இருப்பான். முட்டும், அதற்காகவே அப்பணியாளருக்கு ஊரார் நெல்லில் பங்கு அளந்தனர்.

கண்மாய் நீருக்குள் நிரந்தரமாக நின்ற கட்டடம் பெரும்பாலும் இஃது ஒன்றே என்று கூறலாம். அதுவும் எத்துணைச் சிறிது! இரண்டு தூண்கள், சில பலகைகள், ஒரு தொட்டி. அவ்வூர்க் கருங்கல்லே போதுமானதாயிற்று. நீரின் போக்கை அது தடுக்கவில்லை. மடை திறப்பவர் கரையேறிய பின் அத்தூண்மேல் மீன்கொத்தி வந்து அமர்ந்துகொள்ளும். கோயிலும் மண்டபமும் கட்டத் தெரிந்தவர்கள் கண்மாயின் நீர்ப்பரப்பினுள் பெரும்பாலும் இதற்கு மேல் எழுப்பவில்லை. இயலாமையால் அன்று; தேவையில்லை என்று தெளிந்தமையால்.

இனிக் கலிங்கைக் கருதுவோம். மிகுதி நீர் வழிந்தோடுவதற்காகக் கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய தாழ்ந்த சுவரே கலிங்கு. வெள்ளம் வரும்போது நீர்மட்டம் அதன் முகட்டுக்கும் சற்று மேலே உயரும். ஆகவே அருகில் எது கட்டினும் அதன் தரைமட்டம் அவ்வெள்ள அளவையும் கடந்து உயர்ந்திருத்தல் வேண்டும். கரையோ மண்ணால் ஆனது. அதைத் தோண்டி அடித்தளம் இடுவது, கட்டடத்துக்காகக் கண்மாயையே பலியிடுவதாகும்.

பறவைகளைக் காத்தது கட்டடமன்று என்பதற்கும் சான்று உண்டு. மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கல் ஏரியில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இல் அவ்வூராருக்குப் பாதுகாப்பு உரிமை அளித்தார். 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. நீர்க்கடம்பு மரங்களில் தங்கும் பறவைகளின் எச்சம் ஏரி நீரை உரமாக்கும் என்பதை அவ்வுழவர் அறிந்திருந்தனர். பார்வையாளருக்குரிய உயர்மேடை பின்னர் வந்ததே. திருமயத்துக்குத் தென்மேற்கே, திருப்பத்தூரை அடுத்த வேட்டங்குடிக்கு 1977-இல் சரணாலயம் என்னும் பெயர் கிடைத்தது. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. வெடிக்காக ஏங்கும் வயதுடைய சிறுவரும் இதற்கு இணங்குகின்றனர் என்பதை, உங்கள் வயதினர் எண்ணிப் பார்க்கலாம்.

இதற்கு மாறான காட்சியைச் சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் காணலாம். பரந்து கிடந்த சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் மாளிகையாகவும் மாறிற்று. எஞ்சியதில் 317 ஹெக்டேர் 2007-இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் ராம்சர் நிலங்களின் பட்டியலிலும் அச்சதுப்பு நிலம் இடம்பெற்றது. ஈரநிலங்களைக் காக்க ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971-இல் செய்த உடன்படிக்கையை ஒட்டியது அப்பட்டியல். ஆனால் 2015-இன் பெருமழையில் அச்சுற்றுப்புற வீடுகளுக்குள் நீர் புகுந்தது. தான் தங்கிய பழைய இடத்தையே நீர் தேடி வந்தது.

ஆகவே, நம் கண்மாய்க் கரையில் அமையும் நிலையம் எவ்வாறு இருத்தல் நன்று? இப்பகுதி நிலம் பெரும்பாலும் கிழக்கு நோக்கிச் சரிவது. அதனால் கரை கிழக்கிலும் நீர் மேற்கிலும் அமைவது இயல்பு. காலையில் கரைப்பக்கமிருந்து நோக்குவோர்க்குக் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான். பறவையின் இறகு நிறம் தெளிவாய் விளங்கும். மாலையில் கண் கூசும். எனவே வெளிச்சரிவுக்கு அப்பால், கரையைத் தொடாமல், மேட்டு நிலத்தில் கட்டுவதே தக்கது. சுவருக்குச் செம்புராங்கல் உண்டு. வெட்டும்போது மென்மையாய் இருந்து, காற்றுப்பட இறுகுவது அக்கல். சுண்ணாம்புச் சாந்து, பனங்கை, நாட்டோடு ஆகியவை போதும். சாளரம் குறுகியதாய், கண்மட்டத்தில் இருந்தால் பார்ப்பவர் பறவைக்குத் தெரியார். பளிச்சிடும் வண்ணமும் இரவு விளக்கும் வேண்டா. இங்கிலாந்தில் பீட்டர் ஸ்காட் 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் தொடங்கிய நீர்ப்பறவை நிலையத்திலும் எளிய மறைவிடங்களில் இருந்தே பறவைகளைக் கவனித்தனர்.

கழிநீர் கண்மாய்ப் பக்கம் ஒரு துளியும் செல்லலாகாது. வரைபடத்தில் முதலில் குறிக்கவேண்டியது இதுவே. கட்டுவோர் பெரும்பாலும் இறுதியில்தான் நினைக்கின்றனர். பங்குனி வெயிலில் நீர் வற்றியதும் பறவைகள் அகன்றுவிடும். அப்போது நிலையத்தைப் பூட்டிவிட்டுச் சாவியை ஊராரிடமே ஒப்படைக்கலாம். ஆடு மேய்ப்போருக்கு அதன் திண்ணை நிழலாகும்.