பெரிய வண்டிக்குப் பின்னால் ஒரு சின்ன வண்டி



அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தான். "சார், பிள்ளைகளோடு ஊர் சுற்ற மோட்டார் ஹோம் வாங்கியிருக்கிறேன். அதன் பின்னால் கட்டி இழுத்துப் போக எடை குறைந்த கார் எது வாங்கலாம்?" கார் கடையில் கேட்க வேண்டியதை வாத்தியாரிடம் கேட்கிறானே என்று சிரிப்புதான் வந்தது. ஆனால் தேடிப் படித்தால் அதற்குள் நல்ல வரலாறு ஒன்று இருக்கிறது. அவனுக்கு எழுதியதையே கொஞ்சம் விரித்து எல்லோருக்கும் எழுதுகிறேன்.

மோட்டார் ஹோம் என்றால் சினிமா நடிகர்கள் வைத்திருக்கும் கேரவனை நினைத்துக்கொள்ளுங்கள். படுக்கை, சமையல் மேடை, கழிவறை எல்லாம் கொண்ட பஸ் அளவு வண்டி. காட்டோரத்தில் நிறுத்தி, தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் இணைத்துவிட்டால் வீடு தயார். அதன் பிறகு பால் வாங்க வேண்டும் என்றால்? இணைப்புகளைக் கழற்றி, பாத்திரங்களை அடுக்கி வைத்து, வீட்டையே ஓட்டிக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். அதனால்தான் பின்னால் ஒரு சின்ன கார்.

பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி துணை என்பது பழைய கதை. 1885-ல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர், கடற்படையில் பணி செய்தவர், ஊர் சுற்றுவதற்கென்றே ஒரு வீட்டு வண்டி செய்யச் சொன்னார். பெயர் 'வாண்டரர்'. எடை சுமார் 2 டன், இழுக்க 2 குதிரைகள். எதிரே வருகிறவர்களை எச்சரிக்க அவருடைய பணியாள் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் முன்னால் போவார். உல்லாசப் பயணத்துக்கென்று செய்த முதல் வீட்டு வண்டி இதுதான் என்பார்கள். அதற்கே ஒரு துணை வண்டி தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்.

அதற்கும் முன்னால் கப்பல். கப்பல் கரை வரை வர முடியாது. ஆட்களை இறக்க ஒரு சிறு படகைக் கூடவே கொண்டுபோவார்கள். அந்தப் படகுக்கு ஆங்கிலத்தில் 'டிங்கி' என்று பெயர். அது நம் நாட்டுச் சொல். வங்காளத்து ஆறுகளில் ஓடிய சிறு படகின் பெயரை வெள்ளைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், நம் கட்டுமரத்தை எடுத்துக்கொண்ட மாதிரி. இன்று அமெரிக்காவில் மோட்டார் ஹோமின் பின்னால் கட்டும் காருக்கும் 'டிங்கி' என்றுதான் பெயர். இன்னொரு பெயர் 'டோட்'. அந்தச் சொல்லுக்குத் தேரை என்று பொருள்; 'இழுக்கப்பட்டது' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் ஒலி அதேதான்.

அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்தில் வின்னபேகோ என்ற நிறுவனம் 1966-ல் மோட்டார் ஹோம் செய்யத் தொடங்கியது. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்ததால் விலை குறைந்து, நடுத்தரக் குடும்பங்களும் வாங்கின. பின்னால் கட்ட அன்று கிடைத்த சின்ன கார் ஃபோக்ஸ்வேகன் பீட்டில், சுமார் 800 கிலோ. 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஹோண்டா சிவிக் சுமார் 700 கிலோதான்.

பிறகு வந்தது நமக்குத் தெரிந்த வண்டி. சுசூகி சாமுராய் என்று 1985 முதல் 1995 வரை அங்கே விற்றார்கள். அதன் உடன்பிறப்புதான் 1985-ல் இங்கே வந்த மாருதி ஜிப்சி. நம் ராணுவமும் போலீசும் ஓட்டிய அதே ஜிப்சிதான். எடை ஒரு டன்னுக்குள். ஆனால் மோட்டார் ஹோம்காரர்களுக்கு அது பிடித்துப்போனதற்கு எடை மட்டும் காரணம் அல்ல. இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

காரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப் போகிறோம். எஞ்சின் ஓடவில்லை, சக்கரம் சுற்றுகிறது. சக்கரம் சுற்றினால் கியர் பெட்டிக்குள் சில பாகங்கள் கூடவே சுற்றும். ஆட்டோமேட்டிக் காரில் அந்தப் பாகங்களுக்கு எண்ணெய் அனுப்பும் பம்பு, பெரும்பாலும் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எண்ணெய் இல்லாமல் 300 கிலோமீட்டர் சுற்றினால் கியர் பெட்டி எரிந்துபோகும். ஜிப்சி வகை வண்டியில் கியர் பெட்டிக்கும் சக்கரங்களுக்கும் நடுவே இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதை நியூட்ரலில் வைத்தால் சக்கரத்தின் சுழற்சி கியர் பெட்டிக்குப் போகாது. இன்றும் ஜீப் ராங்லரை அங்கே விரும்பிக் கட்டுவது இதனால்தான். ஆனால் 4 கதவு ராங்லர் சுமார் 2 டன் இருக்கும்.

ஒரே பெயரை நம்பியும் வாங்க முடியாது. ஹோண்டா சிஆர்-வி 2014 மாடல் வரை, கையேட்டில் சொன்ன முறைப்படி இழுத்துப் போகலாம். 2015-ல் கியர் பெட்டியை மாற்றினார்கள். அதன் பின் கூடாது. கையால் கியர் மாற்றும் கார்கள் பலவற்றை இழுக்கலாம், ஆனால் அமெரிக்காவில் அவை இன்று மிகக் குறைவு. மின்சார கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஆகவே ஆகாது. சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். டெஸ்லாவின் கையேடு சக்கரம் உருள இழுக்கக் கூடாது என்றே சொல்கிறது.

அடுத்தது எடைக் கணக்கு. வண்டியும் அது இழுப்பதும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்று தயாரிப்பாளர் ஒரு எண் கொடுத்திருப்பார். உதாரணமாக அது 11,800 கிலோ என்று வையுங்கள். தண்ணீர், டீசல், சாமான், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு எடை மேடையில் உங்கள் வண்டி 10,200 கிலோ காட்டினால், காருக்கு மிச்சம் 1,600 கிலோதான். பின்னால் உள்ள கொக்கி 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும், இரண்டில் சிறிய எண்ணே உங்கள் எண். காலி வண்டியின் எடையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

மூன்றாவது பிரேக். இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா போக வேண்டாம். வளையமாதேவிப் பக்கத்திலிருந்து சேத்தியாத்தோப்பு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பாருங்கள். மேட்டில் ஏறும்போது டிரெய்லர் பின்னுக்கு இழுக்கும். இறக்கத்தில் அதுவே முன்னுக்குத் தள்ளும். டிராக்டர் பிரேக் போட்டாலும் பின்னால் இருக்கும் பாரத்துக்கு அது தெரியாது, தள்ளிக்கொண்டே வரும். ஓரமாகத் தள்ளினால் டிராக்டர் திரும்பி மடங்கிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு ஆகும் என்று எட்டாம் வகுப்பில் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? மோட்டார் ஹோமின் பிரேக் அதன் சொந்த எடைக்காகச் செய்தது. ஆகவே பின்னால் போகும் காரின் பிரேக்கையும் சேர்த்து அழுத்தும் கருவி வேண்டும். அங்கே பல மாநிலங்களில் அது சட்டமும்கூட. மலை இறக்கத்தில் குடும்பத்தைக் காப்பாற்றுவது அந்தக் கருவிதான். காரின் விலையைக் குறைத்தாவது அதை வாங்க வேண்டும்.

இன்னொன்று. நான்கு சக்கரமும் தரையில் இருக்கக் கட்டிய காரோடு பின்னால் எடுக்கக் கூடாது. காரின் முன் சக்கரங்கள் தாறுமாறாகத் திரும்பி இணைப்புக் கம்பி வளைந்துவிடும். கழற்றிவிட்டுத்தான் ரிவர்ஸ்.

நம் நாட்டில் ஏன் இந்தக் காட்சி இல்லை? 1989-ன் சாலை விதிகள் டிரெய்லரையும் சைடு காரையும் தவிர, பழுதாகி நின்ற வண்டியையோ முழுதாகக் கட்டி முடியாத வண்டியையோதான் இழுக்கலாம் என்றன. இடைவெளி 5 மீட்டருக்கு மேல் கூடாது, வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் கூடாது, இழுக்கப்படும் வண்டியிலும் உரிமம் உள்ளவர் உட்கார வேண்டும் என்றும் அவை சொல்லின. இப்படி இருந்தால் யார் காரைக் கட்டி ஊர் சுற்றுவார்கள்? கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவைக் கொண்டுவந்தது. அங்கும் வண்டி தங்குமிடத்தில் நிற்கும். கடைக்குப் போக ஆட்டோ இருக்கிறது. நமக்கு ஆட்டோதான் டிங்கி.

ஆக, அந்தத் தம்பிக்கு நான் எழுதிய வரிசை இது. முதலில் கையேட்டில் 'நான்கு சக்கரமும் தரையில் இருக்க இழுக்கலாம்' என்று அந்த ஆண்டு, அந்த கியர் பெட்டிக்கு எழுதியிருக்கிறதா என்று பார். பிறகு சாமான் ஏற்றிய வண்டியை எடை போடு. பிறகு பிரேக் கருவி, பாதுகாப்புச் சங்கிலி, பின் விளக்கு. இவற்றுக்கெல்லாம் பிறகுதான் எந்த கார் என்ற கேள்வி. எடை குறைவு என்பது நல்ல குணம்தான், ஆனால் அது மட்டும் போதாது.

இங்கே ஊரிலேயே இருந்து டிராக்டர் ஓட்டும் என் மாணவர்கள் பலரும் இதைப் படிப்பீர்கள். உங்களுக்கும் கணக்கு அதுவேதான். இழுத்துப் போகிற எதுவும் ஒரு இறக்கத்தில் தள்ளத்தான் செய்யும். இரண்டு டிரெய்லர் கட்டி இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். அரவைக் காலம் வந்தால் இரவில்தான் அதிக ஓட்டம். டிரெய்லரின் பின்பக்கம் சிவப்பு ஒளிவில்லை ஒட்டியிருக்கிறதா, கரும்புத் தோகை தொங்கி அதை மறைக்கிறதா என்று கிளம்பும்போது ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பின்னால் பைக்கில் வருகிறவன் உங்கள் வகுப்புத் தோழனாகவும் இருக்கலாம்.

எல்லோரும் பத்திரமாகப் போய் வாருங்கள். வாழ்க வளமுடன்.