சர்வர் மெமரி ஃபுல்லா? ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

செங்கல்பட்டு மாவட்டம் சிறுசேரி சிப்காட் ஐ.டி. பூங்கா போன்ற இடங்களில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களைப் பதறவைக்கும் காட்சி இது. லினக்ஸ் சர்வரில் 'ஃப்ரீ' கமாண்ட் கொடுத்தால், உதாரணத்துக்கு, 16 ஜிபி ரேமில் 300 எம்பி மட்டுமே காலி எனக் காட்டும். ஆபத்தா?

பெரும்பாலும் இல்லை. சும்மா கிடக்கும் ரேமில், டிஸ்க்கில் இருந்து படித்த ஃபைல்களை லினக்ஸ் வைத்துக்கொள்ளும். அதுதான் 'பஃப்/கேஷ்'. புரோகிராம்கள் கேட்டால் அதில் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்துவிடும். அதனால 'ஃப்ரீ' எண்ணை விட்டுட்டு 'அவைலபிள்' எண்ணைப் பாருங்க. 2014-ல் வந்த 3.14 கெர்னல் முதல் இந்தக் கணக்கை லினக்ஸே தருகிறது.

ஸ்வாப் என்றால் என்ன?

ரேமில் பயன்படாமல் கிடப்பதை ஒதுக்கிவைக்கும் டிஸ்க் இடம். அதில் 1 ஜிபி நிரம்பியிருந்தால் மட்டும் கவலை வேண்டாம். என்றைக்கோ ஒதுக்கியதாக இருக்கலாம்.

எப்போது உஷாராகணும்?

'விஎம்ஸ்டாட் 1' கொடுத்து 'எஸ்ஐ', 'எஸ்ஓ' எண்களைப் பாருங்க. முதல் வரி சர்வர் ஆன் ஆனதிலிருந்து வரும் சராசரி, அதை விட்டுடுங்க. அடுத்த வரிகளில் இரண்டும் தொடர்ந்து ஓடி, அவைலபிளும் சரிந்தால் ரேம் பத்தவில்லை என்று அர்த்தம். கண்டுக்காம விட்டால், கெர்னலின் 'ஓஓஎம் கில்லர்' பெரும்பாலும் அதிக மெமரி பிடித்த புரோகிராமை நிறுத்திவிடும். அது உங்க டேட்டாபேஸாகவே இருக்கலாம்!